எதற்கு இரண்டு இயந்திரங்கள்?

ஜூன் 3, திங்கள்

இன்று புது வேலையில் சேர்ந்தேன். பதினோரு வருடம் ஹைட்ராலிக் பிரஸ் வரைந்தவள், இனிமேல் பிரஸ் வாங்கக் கடன் கேட்பவர்களின் விண்ணப்பங்களைப் படிக்கப் போகிறேன். சிறுதொழில்களுக்கு இயந்திரக் கடன் தரும் நிதி நிறுவனம், அவிநாசி சாலையில் மூன்றாவது மாடி. பழைய இடத்தில் ஜன்னலைத் திறந்தால் டெஸ்டிங் ஷெட்டின் இரைச்சல் வரும். இங்கே ஜன்னலே திறக்காது.

மேலாளர் ஃபர்ஹானா, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். என்னைவிட ஏழு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்றேன். அவரும் என்னை மேடம் என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

"எதுக்கு மேடம் இன்ஜினியரிங்கை விட்டீங்க?" என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டார். வார இறுதி வகுப்புகளில் நிதி படித்ததைச் சொன்னேன். நேர்முகத்தில் சொன்ன பதிலையே திரும்பச் சொன்னேன். உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. எங்கள் பிரஸ் ஒவ்வொன்றும் லாரியில் ஏறிப் போகும்போது, இது எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று தோன்றும். கேட்டால், அது சேல்ஸ்காரர்கள் வேலை என்பார்கள். கேட்டுக்கேட்டு, கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். சம்பளம் குறைவு.

நவநீதன் அதே கம்பெனியில்தான் இருக்கிறார், டிசைன் பிரிவின் தலைவராக. நேற்று வரை எனக்கு மேலதிகாரி, இன்று கணவர் மட்டும். வேலை அதிகம் போல. முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்க நேரமில்லை.

ஜூன் 6, வியாழன்

தேய்மானம் என்ற சொல்லிலேயே இன்று பாதி நாள் போய்விட்டது. எனக்குத் தேய்மானம் என்றால் மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பது. இங்கே அது வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று எழுதிக்கொள்வது. ஒரு நாளும் ஓடாத இயந்திரம்கூடக் காகிதத்தில் தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து மதிப்பே இல்லாமல் போன இயந்திரம் ஷெட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"அப்ப காகிதம் பொய்யா?" என்றேன்.

"பொய் இல்ல மேடம். அது வேற கேள்விக்குப் பதில்" என்றார் ஃபர்ஹானா.

எந்தக் கேள்விக்கு என்று கேட்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

நவநீதனுக்கு இந்த வாரமும் வேலை அதிகம். ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து, பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு ரசம் வைத்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

ஜூன் 21, வெள்ளி

தனியாகப் பார்க்கும்படி முதல் விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆனைமலைப் பக்கம், மயிலாத்தாள் என்ற பெண்மணி. தென்னை நார்த்தூளைக் கழுவி, காயவைத்து, விற்கிறார். தூளை அழுத்திச் செங்கல் போலக் கட்டியாக்கும் பிரஸ் இரண்டு வேண்டுமாம். அந்தக் கட்டிகள் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகின்றன. மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளி வளர்க்கிறார்களாம்.

விலைப்பட்டியலைப் புரட்டியபோது கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பிரஸ். சட்டகம் நவநீதன் வரைந்தது, எண்ணெய்ச் சுற்று நான் வரைந்தது. அந்த வரைபடத்தில் போட்ட சண்டையில்தான் நாங்கள் ஒருவரையொருவர் கவனிக்கவே ஆரம்பித்தோம்.

வீட்டில் சொன்னேன். "அப்படியா" என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

மயிலாத்தாளின் களத்துக்குப் போய்வந்தேன். பொள்ளாச்சி தாண்டியதும் தூறல். வழியெல்லாம் தார்ப்பாய் மூடிய நார்த்தூள் குவியல்கள், மழையில் நனையும் யானைகள் போல.

மயிலாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தின் நடுவில் நின்றிருந்தார்.

"வாங்க கண்ணு. ஆபீஸுல இருந்து ஆம்பளையாளு வருவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

கூடவே சுபத்ரா, அவருடைய கொழுந்தனாரின் மனைவி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். காதில் போன், கையில் இன்னொரு போன். அண்ணன் தம்பி இருவரும் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். நார்த்தூள் இந்த இரண்டு பெண்களின் தொழில். பெயர் மட்டும் மயிலாத்தாளுடையது.

இப்போது பக்கத்து ஷெட்டில் கூலி கொடுத்துக் கட்டி போடுகிறார்கள். என்னை அங்கே கூட்டிப்போனார்கள். பச்சை நிறத்தில் எங்கள் பிரஸ். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, விற்றுப்போன ஒன்றை நேரில் பார்க்கிறேன். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும். பிரஷர் கேஜ் மேல் ஒரு செம்பருத்தி. லீவரை நாங்கள் வலதுகைக்கு வைத்திருந்தோம். அதை ஓட்டிய பெண் மறுபக்கம் நின்று இடதுகையால் இழுத்துக்கொண்டிருந்தார். வலதுகையில் அடுத்த அச்சுக்கான தூள். இந்த யோசனை எங்களுக்கு ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பி வந்து அவர்கள் களத்துத் தூளின் அளவைக் கணக்குப் போட்டேன். ஒரு பிரஸ் கிட்டத்தட்டப் போதும்.

"ரெண்டு எதுக்குங்க?" என்றேன்.

"வேணுமுங்க" என்றார் மயிலாத்தாள்.

சுபத்ரா போனைப் பார்த்தார்.

டீ இரண்டு முறை வந்தது. ஒன்று மயிலாத்தாளின் சமையலறையிலிருந்து, இன்னொன்று சுபத்ராவுடையதிலிருந்து. மறுக்க முடியாமல் இரண்டையும் குடித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மாவு அரைத்தேன். துணி காயவில்லை.

சாயங்காலம் நவநீதனிடம், நார்த்தூள் ஊட்டும் தொட்டியைப் பெரிதாக்கினால் பிரஸ்ஸின் வேகம் எவ்வளவு கூடும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். டிவியை நிறுத்தினார். பென்சில் தேடினார். தொட்டியைப் பெரிதாக்குவதைவிட, பக்கத்தில் இன்னொரு தொட்டி வைத்து மாற்றி மாற்றி ஊட்டலாம் என்றார். அழுத்தம் ஏறும் நேரத்தில் அடுத்த அச்சு நிரம்பிவிட வேண்டும் என்றேன் நான். அந்தப் பெண் இடதுகையால் லீவர் இழுத்ததைச் சொன்னேன். எழுந்து நின்று தானே இழுத்துப் பார்த்தார்.

"வாணி, லீவரை நடுவுல வெச்சிருக்கணும்" என்றார்.

இட்லி வேகும் வரை, வெந்து ஆறும் வரை வரைந்தோம். ஒரு பிரஸ்ஸே தாராளமாகப் போதும் என்று வந்தது. கல்யாணத்துக்கு முன்பு பேசியது போலப் பேசினோம். தட்டில் சட்னி காய்ந்துபோயிருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு பிரஸ், கூடுதலாக ஒரு தொட்டி, பாதிக் கடன் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஃபர்ஹானா இரண்டு முறை படித்தார்.

"கடன் வாங்க வந்தவங்களுக்குக் கடன் வேண்டாம்னு எழுதின முதல் ஆள் நீங்கதான் மேடம். உங்க டார்கெட்டும் பாதியாயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நவநீதனிடம் சொன்னேன். காபி அவரே போட்டார்.

ஜூலை 4, வியாழன்

மயிலாத்தாளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"அப்படீங்களா" என்றார். "அப்ப வேண்டாமுங்க. நாங்க வேற பக்கம் பாத்துக்கறோம்."

ஃபர்ஹானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாதி செலவுல அதே வேலை நடக்கும்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க மேடம். அப்ப அவங்களுக்கு ஆக வேண்டிய வேலை வேற ஏதோ."

ஜூலை 9, செவ்வாய்

ஆபீஸ் அனுப்பவில்லை. நானே விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நவநீதனிடம் பல் டாக்டர் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மயிலாத்தாள் வீட்டில் இல்லை. சுபத்ரா தார்ப்பாயின் ஓரத்தில் கல் வைத்துக்கொண்டிருந்தார். நானும் இரண்டு கல் எடுத்து வைத்தேன். அடுத்த கல்லை வைத்தபடி அவரே பேசினார்.

"ஆடி கழிஞ்சதும் பாகம் பிரிக்கிறோமுங்க மேடம். தோப்பு, களம், கெணத்துத் தண்ணி எல்லாத்தையும் ரெண்டா. அண்ணன் தம்பிக்குள்ள ஒரு தகராறும் இல்ல. எனக்கும் அக்காவுக்கும்தான். அக்கா வேலைக்காரங்களை வெச்சுட்டுக் களத்துல நிப்பாங்க. நான் தூத்துக்குடி ஏஜென்டுககிட்டப் பேசி, சாம்பிள் அனுப்பி, ஆர்டர் புடிச்சுட்டு வருவேன். அது அவங்களுக்கு வேலையாத் தெரியாது. நெழல்ல நின்னு போன் பேசறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

"அதுக்காகவா ரெண்டு மெஷின்?"

"ஒரு மெஷினை எப்படிங்க பாதியா வெட்டறது?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பென்சில் படங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

ஜூலை 10, புதன்

நவநீதனிடம் சொல்லிவிட்டேன், பல் டாக்டரிடம் போகவில்லை என்பதையும் சேர்த்து.

"அப்ப நாம போட்ட கணக்கு?"

"கணக்கு சரிதாங்க. அவங்க கேட்ட கேள்வி அது இல்ல."

பால்கனிக்குப் போய்விட்டார். இது ஒரு பெரிய விஷயமே இல்லை. அவருக்கு வேலை அதிகம்.

ஜூலை 11, வியாழன்

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "எதுக்காம் பிரியறாங்க?"

சொன்னேன். ஒரு கால் ஷூவோடு உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார்.

ஜூலை 15, திங்கள்

ஃபர்ஹானாவிடம் புது யோசனையை வைத்தேன். ஒருவர் பெயரில் இரண்டு இயந்திரம் வாங்கினால் கடன் தீரும்வரை இருவரும் கட்டுண்டு கிடப்பார்கள். ஆளுக்கொரு நிறுவனம், ஆளுக்கொரு கடன் என்று கொடுத்தால் என்ன?

"குடுக்கலாம். ஆனா சுபத்ரா பேர்ல இதுவரைக்கும் எந்தத் தொழிலும் இல்ல. யாராவது ஜாமீன் நிக்கணும்." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு ஒண்ணு இருக்கு மேடம். பிரிஞ்ச பிறகு பெரியவங்க யார்கிட்ட விப்பாங்க? சின்னவங்களுக்குத் தூளைக் காயவைக்கத் தெரியுமா? இப்ப ஒரு தொழில் நல்லா ஓடுது. நீங்க சொல்ற மாதிரி செஞ்சா, ரெண்டு அரைத் தொழிலுக்கு நாம பணம் குடுப்போம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இயந்திரத்தை மட்டும்தான் இரண்டாகப் பிரித்துப் பார்த்திருந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மயிலாத்தாள் வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தார். இருபதடி தள்ளி சுபத்ராவின் வாசலிலும் ஒரு கோலம்.

இருவரையும் சேர்த்து உட்காரவைப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. தனித்தனிக் கடனைப் பற்றிச் சொன்னேன். பிறகு மயிலாத்தாளைக் கேட்டேன். "பிரிஞ்ச பிறகு தூத்துக்குடியில இருந்து போன் வந்தா, உங்க பக்கம் யாருங்க எடுப்பாங்க?"

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எவனாச்சும் படிச்ச பையனைச் சம்பளத்துக்கு வெச்சுக்கறேன்."

சுபத்ராவிடம் திரும்பினேன். "நீங்க? தூள் பதமா காஞ்சிருச்சான்னு யார் பாப்பாங்க?"

"அதுக்கும் மீட்டர் விக்குதுங்க" என்றார் சுபத்ரா.

"மீட்டரா?" மயிலாத்தாள் திரும்பினார். "போன மழைக்கு மீட்டரா வந்து சொல்லுச்சு? நான் வாசனை புடிச்சு எழுந்து போயித் தார்ப்பாய் இழுத்தேன். உன்ற வீட்டுக் கதவைத் தட்டுனனா? தூங்கட்டும்னு விட்டுட்டனே."

"தட்டிருக்கலாமே. தட்டாமப் போயி, அடுத்த நாளு தூங்குமூஞ்சின்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீ மட்டும் என்ன, ஏஜென்டுகிட்ட எங்கக்கா கைநாட்டுன்னு சொல்லல?"

சுபத்ராவின் முகம் சிவந்துவிட்டது. மயிலாத்தாள் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கேட்டிருக்கவே கூடாது. கடன் ஆராய வந்தவள் குடும்பத்தைக் கிளறிவிட்டு வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது சுபத்ரா கேட்டிற்கு வந்தார். "ஏனுங்க மேடம், சம்பளத்துக்கு ஆள் வெச்சா, இந்தப் போன் பேசற வேலைக்கு எவ்வளவு கேப்பாங்க?"

சந்தை நிலவரத்தைச் சொன்னேன். கண்களை விரித்தார். இதுவரை யாரும் அந்த வேலைக்கு ஒரு விலை சொன்னதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவர்களிடமிருந்து சேதி இல்லை. நான் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு கடன்கூட முடிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் நான்கு முடித்துவிட்டார். ஃபர்ஹானா, "மேலிடத்துல கேக்கறாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

பழைய கம்பெனியில் என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். சாப்பிடும்போது நவநீதன் சொன்னார். கொஞ்சம் கழித்து, "சும்மா தகவலுக்குச் சொன்னேன்" என்றார்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேறு மூன்று விண்ணப்பங்கள் பார்த்தேன். பேக்கரி அடுப்பு, பின்னலாடைத் தையல் இயந்திரங்கள், ஒரு லேத். மூன்றிலும் முதலில் இயந்திரத்தின் பக்கத்தைத் திறக்கவில்லை. இதை யார் ஓட்டப்போகிறார்கள், அவர் வராத நாளில் யார் என்று எழுதிவைத்துக்கொண்டு போனேன். பேக்கரிக்காரர், "மாமியார்" என்றார். அவருக்குச் சம்பளம் உண்டா என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுப்பும் லேத்தும் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆடி முடிந்து ஐந்தாம் நாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் இருவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். ஒரே பஸ். லிஃப்டில் ஏற மாட்டேன் என்று மயிலாத்தாள் படியேறி வந்தார். சுபத்ராவும் அவரோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

மயிலாத்தாள்தான் பேசினார். "பாகம் பிரிச்சாச்சு கண்ணு. களம் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. மெஷினு ஆளுக்கொண்ணு. அவ தூளை நான் காயவெச்சுக் குடுக்கறேன், மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. என்ற கட்டிய அவ வித்துக் குடுக்கறா, அதுக்கு அவளுக்குக் கமிஷன். சும்மா செஞ்ச வரைக்கும் ஒருத்திய ஒருத்தி திட்டிட்டு இருந்தோம். இனி கூலிக்காரி. சரியா செய்யலீன்னா வேற ஆள் பாத்துக்கலாம்."

"வேற ஆள் கெடைக்க மாட்டாங்க" என்றார் சுபத்ரா, மேசையைப் பார்த்தபடி.

ஜாமீன் விஷயத்தை ஃபர்ஹானா எடுத்தார். சுபத்ராவுக்கு மயிலாத்தாள் ஜாமீன் நிற்க வேண்டும். அவர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். மயிலாத்தாள் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அவ மட்டும் எனக்கு நிக்க வேண்டாமா?" என்றார் கடைசியில்.

உங்களுக்கு அது அவசியமில்லை என்றார் ஃபர்ஹானா.

"எனக்கு வேணுமுங்க. அவளும் போடட்டும்."

ஆக, பிரிந்துபோவதற்காக வந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுவிட்டுப் போனார்கள். கையெழுத்து முடிந்ததும் ஃபர்ஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எந்தத் தலைப்புல எழுதறது மேடம்?" என்று என்னைக் கேட்டார்.

மயிலாத்தாள் கையெழுத்துதான் போட்டார். முழுப்பெயர், ஒவ்வொரு எழுத்தாக. சுபத்ரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இரண்டு பிரஸ்களும் நேற்று வந்து இறங்கிவிட்டன. இன்று பூஜை போட்டு ஓட்டப் போவதாகச் சுபத்ரா கூப்பிட்டிருந்தார். காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது நவநீதன், "நானும் வரட்டுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

களத்தின் இரண்டு ஓரங்களிலும் புதுத் தகரக் கொட்டகைகள், நடுவில் செங்கல் அடுக்கிய எல்லை. முட்டி உயரம்கூட இல்லை. மயிலாத்தாளின் பிரஸ் முதலில் ஓடியது. முதல் கட்டி கச்சிதமாக வந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு சுபத்ரா லீவரை இழுத்தார். கட்டி வெளியே வந்தது. கையில் எடுத்ததும் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்து, பாதி காலடியில் கொட்டியது. இன்னொன்று போட்டார். அதுவும் அப்படியே. அவருடைய கணவர் பிரஸ் பொருத்த வந்த மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் நவநீதனைப் பார்த்தார். நவநீதன் குனிந்து கேஜைப் பார்த்து, "அழுத்தம் சரியாத்தான் இருக்கு" என்றார். சுபத்ரா குனிந்து உதிர்ந்த தூளை அள்ளினார். அது நான் கொடுக்கச் சொன்ன கடன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மயிலாத்தாள் செங்கல்லைத் தாண்டி வந்தார். உதிர்ந்த தூளில் ஒரு பிடி எடுத்து அமுக்கினார். முகர்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குவியலின் மேல் விசிறித் தெளித்தார். கையால் புரட்டினார். மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

"தகரச் சூட்டுல ஒரேயடியாக் காஞ்சிருச்சு. இப்பப் போடு."

கட்டி முழுசாக வந்தது. சுபத்ரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மயிலாத்தாள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பினார். "தண்ணி தெளிச்சதுக்குக் கூலி உண்டு. எழுதிக்கோ."

"எழுதிக்கறேனுங்கக்கா. உங்க கட்டிக்கு ஆர்டர் வந்திருக்குது. அதுல கழிச்சுக்கறேன்."

இருவரும் சிரிக்காமல்தான் சொன்னார்கள். சுற்றி இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். நவநீதன் சிரித்த சத்தம் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அதன் பிறகு அவரைக் காணவில்லை. தேடினால், சுபத்ராவின் பிரஸ்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, வேலை செய்யும் பெண் எந்தக் கையால் எதைச் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நார்த்தூள். மயிலாத்தாள் அவரிடம் வந்தார்.

"நீங்க யாருங்க? மெஷின் கம்பெனி ஆளுங்களா?"

நவநீதன் எழுந்தார். என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. நான் இவங்களோட வந்தவனுங்க" என்றார்.

காரில் ஏறியதும் கேட்க ஆரம்பித்தார். கடன் ஏன் ஐந்து வருடம், பிரஸ் இருபது வருடம் ஓடுமே. கமிஷன் எப்படிக் கணக்காகும். சுபத்ரா கட்டாவிட்டால் நிஜமாகவே மயிலாத்தாளைப் பிடிப்பீர்களா. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிலதுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஃபர்ஹானாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்கே கேளு" என்றார்.